பின் வலது: உண்டு

யாரும் இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் பிரமிளாவின் கைப்பேசியில் நான்கு படங்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே டிவி திரையை எடுத்தவை. ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகியிருக்கிறது. 3:18. 3:31. 3:38. 3:44.

நடுராத்திரி அல்ல. நல்ல பட்டப்பகல். நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பினாங்குத் தீவின் கெலுகோரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அந்தப் படங்களை அவள் அழிக்கவும் இல்லை. ஒரு முறை ஒருவருக்குக் காட்டியதோடு சரி, மறுபடி திறந்து பார்க்கவும் இல்லை.

பிரமிளாவுக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. கணவன் ஹரீஷ் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே கப்பலில் இருக்கும் கொள்கலனை ஓர் அங்குலம் பிசகாமல் தூக்குவான். "எனக்குக் கண்ணுதான் சோறு போடுது" என்று பெருமையாகச் சொல்வான். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், அந்தக் கண்ணில்தான் கை வைத்தது. முதலில் வலது கண் போனது. இடது கண்ணில் புகை மூடியது போல ஒரு படலம். லேசர் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு முறை அறுவை சிகிச்சையும் ஆனது. கடைசியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். வருஷக் கடைசி வரைக்கும் தாங்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

வேலை போனது. சுங்கை பினாங்கில் பதினோராவது மாடியில் இருந்த வீட்டில் லிப்ட் அடிக்கடி நின்றுவிடும். கண் தெரியாதவனைப் படியேற்றி இறக்க முடியவில்லை. அதனால்தான் கெலுகோரில் தரை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். எல்லாம் ஏஜெண்ட் மூலமாக. வீட்டுச் சொந்தக்காரரை அவர்கள் பார்த்ததே இல்லை.

பழைய வரிசை வீடு. முன்னால் கூடம், பின்னால் சமையலறை, இரண்டுக்கும் நடுவில் ஓர் அறை. அந்த நடு அறைக்குச் சன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகல் பன்னிரண்டு மணிக்கும் இருட்டுதான்.

ஹரீஷுக்கு அந்த அறை பிடித்துவிட்டது.

"பிரமி, இதுல ஒரு ஹோம் தியேட்டர் போட்டுடலாமா?" என்றான். "கண்ணு போச்சுன்னா இனி காதாலதான் படம் பாக்கணும். டிவி சத்தம் ஒரே பக்கமா வருது. ஒன்னும் புரியல."

வேலை போன இந்த எட்டு மாதத்தில் அவன் வேண்டும் என்று கேட்ட ஒரே பொருள் அது.

பினாங்கு ரோட்டுப் பக்கம் பஷீர் என்பவர் கடை வைத்திருந்தார். ஸ்பீக்கர், ரிசீவர், ஒயர் எல்லாம் கிடைக்கும். சனிக்கிழமை அங்கே போனார்கள். பஷீருக்கு ஐம்பது வயதிருக்கும். பொறுமையான மனிதர். ரிசீவர் என்றால் என்னவென்று பிரமிளாவுக்கு அவர்தான் புரிய வைத்தார்.

"டிவியில இருந்து வர்ற சத்தத்த இந்தப் பெட்டிதான் பிரிச்சு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும். எத்தனை ஸ்பீக்கருக்குப் பிரிக்கணும்ங்கிறதுதான் கணக்கு. உங்க ரூம் சின்னதுலா. அஞ்சு போதும்."

ஹரீஷ் தலையை ஆட்டினான். "ஏழு உள்ளத கொடுங்க அண்ணே."

"ஏழு எதுக்குத் தம்பி? அந்த ரெண்டும் முதுகுக்குப் பின்னால வைக்கிறது."

"அதுதான் வேணும். முன்னால இருக்கறது இன்னும் கொஞ்ச நாளைக்குத் தெரியும். பின்னால எவன் வந்து நிக்கிறான்னுதான் தெரிய மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பஷீர் சிரிக்கவில்லை. அலமாரியில் இருந்த ஏழு ஸ்பீக்கர் ரிசீவரை எடுத்துத் தூசி தட்டினார். பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் கடையில் இருப்பு இல்லை. வர இரண்டு வாரம் ஆகும்.

"இப்போதைக்கு அஞ்ச மாட்டுங்க. அந்த ரெண்டு இணைப்பையும் காலியா விட்டுடுங்க. ஒன்னும் ஆகாது." பிறகு ஒரு சின்ன மைக்கை எடுத்துக் காட்டினார். "எல்லாம் மாட்டி முடிச்சதும் இத காதோட உயரத்துல வைங்க. பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரா சத்தம் விடும். எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு மைக் கேட்டுச் சொல்லிடும். அந்த நேரம் ரூம்ல சத்தம் மட்டும் இருக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிட்டு முடித்ததும் வேலையைத் தொடங்கினார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பிரமிளாவின் முகம் இப்போதும் தெளியும். அவள் ஒயரின் தோலை உரித்துக் கொடுப்பாள். இரட்டை ஒயரில் எது சிவப்புக்கு, எது கறுப்புக்கு என்று அவளுக்குக் குழப்பம். ஹரீஷ் வாங்கி நகத்தால் தடவிப் பார்ப்பான். ஒரு பக்கம் வழவழப்பு. மறு பக்கம் நூல் போல மெல்லிய வரம்பு.

"வரம்பு உள்ளது சிவப்புக்கு."

ஒன்றுகூடத் தப்பவில்லை. முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு. டிவிக்குப் போகும் கேபிளையும் அவனே தடவிப் பார்த்துச் செருகினான். பல நாளுக்குப் பிறகு அவன் ஒரு பாட்டை முணுமுணுத்தான்.

2:55க்கு எல்லாம் முடிந்தது.

சோபா அறையின் நடுவில். அதற்குப் பின்னால் நாலடி காலி இடம், பிறகு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. ஹரீஷ் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தான். பிரமிளா மைக்கை அட்டைத் தாங்கியில் மாட்டி, அவன் பக்கத்துக் கைப்பிடியில் நிறுத்தினாள். அவன் வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது அது. பிறகு டிவிக்குப் பக்கத்தில், தரையில், ரிமோட்டுடன் உட்கார்ந்தாள்.

3:05. பொத்தானை அழுத்தினாள்.

பெட்டி எந்தச் சத்தமும் விடவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அறையில் இரைச்சல் அதிகம். அமைதியாக்கிவிட்டு மறுபடி முயலவும்.

"பேன் ஓடுது பிரமி."

பேனை நிறுத்தினாள். 3:08. மறுபடி அழுத்தினாள்.

இரைச்சல் அதிகம்.

சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். டியூப் லைட் 'ஙொய்' என்றது. அதையும் அணைத்தாள். டிவி வெளிச்சம் மட்டும் நீலமாக அறையில் பரவியது. 3:13.

இரைச்சல் அதிகம்.

அவளுக்கு ஓர் ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"நீ மூச்ச வேகமா விடுற," என்றான் ஹரீஷ்.

"நான் இங்க டிவிக்குப் பக்கத்துல இருக்கேங்க. உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"டிவிக்குப் பக்கத்துலயா?" அவன் தலையைத் திருப்பினான். "அப்ப... பின்னால?"

"பின்னால சுவருதான்."



3:16. மறுபடி அழுத்தினாள். இந்த முறை பெட்டி ஏற்றுக்கொண்டது. அதுவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்த எதுவோ, இவர்கள் சொன்னதைக் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது போல.

ட்டுயிப்... ட்டுயிப்... ட்டுயிப்...

முன் இடது. பிறகு நடு. முன் வலது. பிறகு பக்கவாட்டில் வலது, இடது. ஒவ்வொன்றிலும் மும்மூன்று முறை. ஹரீஷ் சிறுபிள்ளை மாதிரி சத்தம் வந்த திசைக்கெல்லாம் விரலை நீட்டினான். ஐந்தும் முடிந்தது. இனி காலியாக விட்ட இரண்டு. அங்கே ஸ்பீக்கர் இல்லை. சத்தம் வரக் கூடாது.

...ட்டுயிப்.

எங்கோ தொலைவில். மெல்ல. ஒரே ஒரு முறை.

ஹரீஷின் விரல் பின்பக்கம் திரும்பியது.

திரையில் பட்டியல் வந்தது. ஐந்து ஸ்பீக்கருக்கும் தூரம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரிகள். பின் இடது: இல்லை. பின் வலது: உண்டு. 3.6 மீட்டர்.

படம் எடுத்தாள். 3:18.

பெட்டியை இழுத்துப் பின்புறம் பார்த்தாள். அந்த இணைப்பில் ஒன்றும் இல்லை. ஒயர் இல்லை. விரலை வைத்துத் தடவினாள். காலி. பஷீருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, காலியா இருக்கறதுக்குத் தூரம் காட்டுது."

"காட்டாதேம்மா."

"காட்டுது. மூனு புள்ளி ஆறு."

"எக்கோவா இருக்கும். ரூம் கதவ நல்லா சாத்திட்டு மறுபடி ஓட்டுங்க."

சாத்தினாள்.

3:30. ட்டுயிப்... ட்டுயிப்... ஐந்து ஸ்பீக்கரும் முடிந்தன. ஒரு கணம் அமைதி.

ட்டுயிப்... ட்டுயிப்.

இந்த முறை இரண்டு. கொஞ்சம் தெளிவாக.

பின் வலது: உண்டு. 2.2 மீட்டர். படம் எடுத்தாள். 3:31.

அவள் மனதுக்குள் அளந்தாள். சோபாவில் இருந்து சுவர், ஒரு மீட்டரும் கொஞ்சமும். 2.2 என்றால் சுவரைத் தாண்டி. சமையலறைக்குள். பாத்திரம் கழுவும் இடம். அப்படியானால் 3.6? அது பின்கதவு.

"போதுங்க. பெட்டி கெட்டுப் போயிருக்கு. நாளைக்கு பஷீர் அண்ணன்கிட்ட கொடுத்துடலாம்."

"இன்னொரு தடவ."

"வேணாங்க."

"பிரமி." அவன் குரல் கெஞ்சியது. "அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுது. நல்லாத் தெரியுது. கிரேன்ல இருந்து கீழ பாக்கற மாதிரி. இப்படி ஒன்ன நான் பாத்து எத்தன நாளாச்சு... இன்னொரு தடவ. அவ்வளவுதான்."

அவள் அழுத்தினாள். அழுத்தியிருக்கக் கூடாது. அதற்காக அவள் தன்னை மன்னித்ததே இல்லை.

மூன்றாவது படம், 3:38. பின் வலது: உண்டு. 1.2 மீட்டர்.

சுவர்.

அவள் சுவரைப் பார்த்தாள். வெறும் சுவர். டிவியின் நீல வெளிச்சம் அதில் லேசாக ஆடியது. ஒரு காலண்டர் ஆணி. வேறொன்றும் இல்லை.

"எழுந்து வாங்க."

"ஷ்ஷ்..."

"ஏங்க, எழுந்து வாங்க."

"அழுத்து."

"மாட்டேன்."

அவள் அழுத்தவில்லை. ரிமோட் தரையில் கிடந்தது. இதை அவள் சத்தியம் செய்து சொல்கிறாள்.

பெட்டி தானாகத் தொடங்கியது.

ட்டுயிப்... முன் இடது.

ட்டுயிப்... நடு.

ட்டுயிப்... முன் வலது.

பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் பேசவே இல்லை.

அமைதி.

ட்டுயிப்.

அது ஸ்பீக்கர் சத்தம் அல்ல.

வாயால் செய்த சத்தம். ஈரமான உதடுகளைக் குவித்து, எதுவோ ஒன்று, பெட்டி விட்ட சத்தத்தைப் போலவே சொல்லிப் பார்த்தது.

ட்டுயிப்... ட்டுயிப்...

ஹரீஷின் வலது காதோரம் இருந்த முடி அசைந்தது.

பேன் ஓடவில்லை.

திரையில் எழுத்து வந்தது. அவள் கை தானாகப் படம் எடுத்தது. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. 3:44.

பின் வலது: உண்டு. 0.2 மீட்டர்.

ஒரு சாண்.

"ஏங்க!"

அவன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். முகம் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ ரகசியம் சொல்லும்போது காது கொடுப்போமே, அப்படி.

"பேசுது," என்றான்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

டிவி போனது. பெட்டி போனது. கும்மிருட்டு.

கரண்ட் இல்லை.

...ட்டுயிப்.

அவள் பாய்ந்தாள். சோபாவில் கை பட்டது. அவன் சட்டை கிடைத்தது. இழுத்தாள். அவன் கனத்தான். இன்னொருவர் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருப்பது போல. கத்திக்கொண்டே இழுத்தாள். கதவு. கைப்பிடி. கூடம். வெயில்.

முன்வாசல் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அவன் வலது உள்ளங்கையால் வலது காதைப் பொத்தியிருந்தான்.

"என்ன சொன்னிச்சு?"

அவன் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. பிறகு எப்போது கேட்டாலும் சொல்லவில்லை.

ஆறு மணிக்குத் தெருமுனைக் காப்பிக் கடையில் அவள் அவன் வலப்பக்கமாக நின்று, காப்பி வேண்டுமா என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டாள். திரும்பவில்லை. காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினாள். அவன் பேசாமல் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

மருத்துவமனையில் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சிலருக்கு இப்படித் திடீரென்று ஒரு காது நரம்பு செத்துப் போகுமாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அது வர வாய்ப்பு அதிகமாம். ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் டாக்டர் கையை விரித்தார். இரண்டாவது டாக்டர், அதே கை விரிப்பு.

பஷீர் ரிசீவரைக் கடைக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். ஐந்து ஸ்பீக்கர் மாட்டினால் ஐந்து காட்டியது. ஏழு மாட்டினால் ஏழு. ஒரு குறையும் இல்லை. படங்களைக் காட்டியபோது வெகுநேரம் பார்த்தார். "பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. கேட்டத சொல்லும். அவ்வளவுதான்," என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில் அதன் பிறகு அவர்கள் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு கிடைத்தது. இரண்டாவது மாடி. டிவியோடு சரி, வேறெதுவும் வைக்கவில்லை. டிசம்பர் கடைசியில், டாக்டர் சொன்ன கணக்குப்படியே, இடது கண்ணும் மூடிக்கொண்டது. ஹரீஷுக்கு மிஞ்சியது இடது காது ஒன்றுதான். கைப்பேசியை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பான். அவள் அலுவலகத்தில் இருந்து மணிக்கொரு தரம் அழைப்பாள். அவன் எடுத்து, "ம், இருக்கேன்" என்பான். அந்த இரண்டு சொல்லில்தான் அவர்கள் வாழ்க்கை ஓடியது.

கெலுகோர் வீட்டுச் சாவி பிரமிளாவிடமே இருந்தது. சொந்தக்காரர் நூர்ஜான், ஈப்போவில் மகள் வீட்டில் இருப்பவர். பிப்ரவரி கடைசி சனிக்கிழமைதான் அவரால் வர முடிந்தது. அறுபது வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் ஒரு பை. கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாகவே நின்றுகொண்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

பிரமிளா சாவியைக் கொடுத்தாள். கணவருக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் அவசரமாகக் காலி செய்தோம் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதுவரை பஷீரைத் தவிர அவள் யாரிடமும் வாய் திறந்திருக்கவில்லை.

நூர்ஜான் சாவியைப் பையில் போட்டார்.

"எந்தக் காது?" என்று கேட்டார்.

பிரமிளா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வலதா?"

அவள் தலையாட்டினாள்.

"எங்க அத்தாவுக்கும் வலதுதான். அந்த நடு ரூம்லதான் படுத்திருந்தாங்க. மறுநாளே எங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு தைப்பிங்குக்குப் போயிட்டாங்க. வீடு மாறிட்டா சரியாப் போயிடும்னு நெனச்சாங்க." அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது நூர்ஜான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இடது காது தைப்பிங்லதான் போச்சு. நாலாவது மாசம்."

"அக்கா..."

"வாடகைக்கு விடாதேன்னு என் மக சொன்னா. நாப்பது வருஷம் ஆச்சே, போயிருக்கும்னு நெனச்சேன். என்ன மன்னிச்சிரும்மா."

பிரமிளா அங்கேயே நின்று கைப்பேசியை எடுத்தாள். விரல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை அழைப்பு போனது.

மணி ஒரு முறை அடித்தது. இரண்டு. மூன்று.

எடுத்தான்.

"ஏங்க, நான்தான்."

"ஹலோ?"

"நான்தாங்க, பிரமி. கேக்குதா?"

"ஹலோ... யாரு?"

"ஏங்க!" ரோட்டில் நின்று கத்தினாள். "நான் பேசறது கேக்குதா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அவன் மூச்சு மட்டும். பிறகு அவன் பேசினான். அவளிடம் அல்ல. போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்வது போல, மெதுவாக...

"யாருன்னு தெரியல. பேச மாட்டேங்குறாங்க."

வீட்டில் அவன் மட்டும்தான் இருந்தான்.